“முப்பது வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகல” என்பவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

கேள்வி:

ஐயா, வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னிடம் 5 எலக்ட்ரீஷியன்கள் வேலை செய்கிறார்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள், வெல்டர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஒப்பந்தத்தில் வரும் ஹெல்பர்கள் என்று மற்றவர்கள் ஏறக்குறைய 80 பேர். போன மாதம் ஒரு ஹெல்பர், தண்ணீர் தேங்கிய தரையில் நின்றபடி கை கிரைண்டரை எடுத்தார். அதன் ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. ஷாக் அடித்ததும் அவர் கை கிரைண்டரை இறுகப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. பக்கத்தில் இருந்த பையன் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்தான். அவனுக்கும் அடித்தது. இன்னொருவர் பிளக்கைப் பிடுங்கியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஹெல்பர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

உடனே எல்லோருக்கும் மின் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும்படி நிர்வாகம் உத்தரவு போட்டது. 2 மணி நேரம் ஸ்லைடு காட்டி, கையெழுத்து வாங்கினோம். அடுத்த வாரமே எங்கள் மூத்த எலக்ட்ரீஷியன், மெயினை அணைக்காமல் பேனலுக்குள் கையை விட்டு கான்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைக்கவும் அறுக்கவும் செய்யும் சுவிட்ச்) மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், “முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறேன் தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகல” என்கிறார். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவரிடம் எப்படிப் பேசுவது? யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்கும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த இரண்டு பேரையும் ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். கைக்குள் நுழைந்த மின்சாரம் மார்பு வழியாகக் காலுக்கு இறங்கியிருக்கிறது. வெளியே சின்னக் கொப்புளம்கூட இல்லாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, சிறுநீர் கருத்துப் போவது, இவற்றில் ஏதாவது அப்போதிலிருந்து இருந்ததா என்று நீங்களே அவர்களிடம் கேளுங்கள். தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எப்போதும் இருக்கும்.

அடுத்தது அந்த ஒயர். டேப் சுற்றிய அந்த ஒட்டை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? சுற்றியவர் ஒருவர், அதை எடுத்து வேலை செய்தவர்கள் பத்துப் பேர், தாண்டிப் போனவர்கள் ஐம்பது பேர். அப்படிப்பட்ட கருவி தரையில் கிடக்கும் வரை, 80 பேருக்கு எத்தனை மணி நேரம் ஸ்லைடு காட்டினாலும் பிரயோஜனம் இல்லை. ஆபத்தையே நீக்க முடியுமா, குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அந்த இடத்தில் வைக்க முடியுமா, கருவி மூலமாகத் தடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பயிற்சிக்கு வர வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பேட்டரி கிரைண்டரோ காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டரோ போதாதா? சில நாடுகளில் கட்டுமானத் தளங்களில் 110 வோல்ட் கருவிகளையே கொடுக்கிறார்கள். அதற்கான டிரான்ஸ்ஃபார்மரின் நடுப்புள்ளி எர்த் செய்யப்பட்டிருப்பதால், ஒருவர் எந்தக் கம்பியைத் தொட்டாலும் அவருக்கும் தரைக்கும் இடையே 55 வோல்ட்தான் இருக்கும். உங்கள் பட்டறையில் கையில் பிடிக்கும் கருவிகள் செருகப்படும் பிளக் பாயிண்டுகள் எல்லாவற்றுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கும் கருவி, இருக்கிறதா? அந்த கிரைண்டர் செருகியிருந்த பாயிண்டுக்கு நல்ல நிலையில் ஒன்று இருந்திருந்தால் ஹெல்பரின் கை அப்படி ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலில் இதைச் சரிசெய்யுங்கள். கையெழுத்து வாங்கிய அந்தக் காகிதத்தை விட இது பல மடங்கு பெரிய பாதுகாப்பு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 85 பேருக்கும் ஒரே பாடம் வைத்ததுதான் முதல் தவறு. துப்புரவு செய்யும் அம்மாவுக்கு ஓம் விதி வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு “ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே” என்ற படம் வேண்டாம். அவரை அது அவமானப்படுத்தும், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் மிகக் கொஞ்சம். அதில் முதலாவதாக நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒரு தவறான நம்பிக்கையை. “பிரேக்கர் இருக்கே, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்” என்று படித்தவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் சும்மா எண்களை எழுதிக் காட்டுவேன். உடம்பு வழியாக 1 மில்லியாம்பியர் போனால் லேசான சுருக் என்ற உணர்வு. 10 தாண்டினால் தசைகள் இறுகத் தொடங்கும், பிடித்ததை விட முடியாது. 30-க்கு மேல் போய், அது ஒரு சில விநாடி நீடித்தால் இதயத்தின் ஓட்டமே குழம்பிவிடலாம். இப்போது பிரேக்கரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள் என்பேன். 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லியாம்பியர். 230 வோல்ட்டில் ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்சாரமே ஏறக்குறைய 260 மில்லியாம்பியர். பல்பு எரியும்போது பிரேக்கர் ட்ரிப் ஆகிறதா? ஆகாது. அந்தப் பல்புக்குப் போகும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கு போதும், ஒரு மனிதனைக் கொல்ல. பிரேக்கரையும் ஃபியூஸையும் வைத்திருப்பது ஒயர் எரியாமல் இருப்பதற்காக. இதைச் சொல்லும்போது அறையில் ஒரு அமைதி வரும். ஒவ்வொரு முறையும் வரும்.

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் சொல்வேன். அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த சார்லஸ் டால்ஸியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் ஒரு கம்பியைப் பிடிக்கக் கொடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. உங்கள் ஹெல்பருக்கு நடந்தது இதுதான். கையை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை விட வலுவானவை. எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும்போது மடக்குவதுதான் ஜெயிக்கும். அவர் மன உறுதியோடு முயன்றிருந்தாலும் விட்டிருக்க முடியாது. அதே டால்ஸியல்தான் 1961-இல், 5 மில்லியாம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பை அறுக்கும் கருவியை உருவாக்கினார். நாம் பயன்படுத்தும் ஆர்.சி.சி.பி.யும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும்.

அதில் ‘T’ என்று எழுதிய ஒரு பட்டன் இருக்கும். அது எதற்கு என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். அழுத்தினால் ட்ரிப் ஆக வேண்டும், ஆகாவிட்டால் மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் இடைவெளியில் அழுத்திப் பார்ப்பதை யாராவது ஒருவருடைய பொறுப்பாக, பெயர் போட்டு எழுதி வையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். ஒருவர் காய்ந்த மரப்பலகையில் நின்று, ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. போனது அப்படியே திரும்பி வந்துவிடுகிறதே. அதற்கு அவரும் ஒரு பல்பு மாதிரிதான்.

ஈரத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம், ஒரு கணக்கு போதும். காய்ந்த, தடித்த தோல் பல்லாயிரம் ஓம் தடை கொடுக்கலாம். தண்ணீரிலோ வேர்வையிலோ ஊறிய உடம்பு 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லியாம்பியர். 120 வோல்ட் உள்ள இடமாக இருந்தாலும் 120 மில்லியாம்பியர். இரண்டுமே உயிரை எடுக்கப் போதும்.

அப்புறம், அந்தப் பையன். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தானே, அவனைத் திட்டினீர்களா என்று எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால், தயவுசெய்து அவனிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசுங்கள். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். கண்ணெதிரே ஒருவர் துடிக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது, கை முந்திக்கொள்ளும். அதனால்தான் மீட்பு முறையை வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது என்கிறேன். கையும் காலும் அதைப் பழக வேண்டும். உங்கள் பட்டறையில் ஒருவர் மெஷின் முன்னால் நின்று வேலை செய்யும்போது, திடீரென்று போய், “இவருக்கு இப்ப ஷாக் அடிக்குது, என்ன செய்வீங்க?” என்று பக்கத்து ஆளைக் கேளுங்கள். அவர் நேராக சுவிட்சை நோக்கி ஓட வேண்டும். எந்த சுவிட்ச், எங்கே இருக்கிறது, வழியில் பெட்டிகளை அடுக்கி மறைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்தப் பத்து விநாடியில் வெளிச்சமாகும். நான் இப்படிச் செய்து பார்த்த இடங்களில் பெரும்பாலும் முதல் முறை யாரும் சரியான சுவிட்சுக்குப் போனதில்லை. மூன்றாவது முறை எல்லோரும் போனார்கள்.

சுவிட்ச் கிடைக்கவே இல்லை என்றால், சாதாரண வோல்டேஜில் மட்டும், காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் பொருளாலோ ஒயரைத் தள்ளிவிடலாம். உயர் அழுத்தக் கம்பி என்றால் கிட்டவே போகக் கூடாது. அறுந்து விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏற்கனவே அருகில் மாட்டிக்கொண்டவர் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையை விட்டுத் தூக்காமல், இஞ்ச் இஞ்சாக நகர்ந்து வெளியே வர வேண்டும். காலை அகட்டி வைத்தால், ஒரு கால் இருக்கும் இடத்துக்கும் இன்னொரு கால் இருக்கும் இடத்துக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் உடம்புக்குள் புகுந்துவிடும். இதையும் நடந்து காட்டச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே செய்வார்கள். பரவாயில்லை, மறக்காது.

மின்சாரத்தை அறுத்த பிறகு மூச்சும் நாடியும் இல்லை என்றால் சி.பி.ஆர்., அதாவது மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, கொடுக்க வேண்டும். நம் தொழிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. மின் கம்பிகளில் வேலை செய்தவர்கள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் காப்பாற்ற வழி தேடிய ஆராய்ச்சியில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின் பொறியாளர் பல ஆண்டுகள் செலவிட்டார். மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்பதை அவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவரோடு இருந்த இருவரும் 1960-இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க இதயத் துடிப்பு நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவி, மின் தொழிலாளியின் சாவைத் தடுக்கக் கிளம்பிய தேடலிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இந்த ஆழத்துக்கு அழுத்துவது எவ்வளவு கடினம் என்பது பொம்மையின் மேல் செய்து பார்த்தால்தான் தெரியும். ஷிஃப்டுக்கு நாலு பேராவது இதைச் செய்து பழகியிருக்க வேண்டும். முடிந்தால் ஒரு ஏ.இ.டி. கருவியும் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது) வாங்கச் சொல்லுங்கள். மின்சாரத்தால் குழம்பிய இதயத்தைப் பல நேரம் மின்சாரம்தான் திருப்பிக் கொண்டுவருகிறது.

எல்லோருக்கும் இவ்வளவு போதும். வெல்டர், பெயின்டர், ஏணியில் ஏறுகிறவர் இவர்களுக்குக் கூடுதலாகச் சில விஷயங்கள் உண்டு. அலுமினிய ஏணியை மின் வேலைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. தலைக்கு மேல் போகும் கம்பியைப் பார்க்காமல் நீளமான பைப்பை நிமிர்த்தக் கூடாது. இவர்கள் மின் வேலை செய்கிறவர்கள் இல்லை என்பதாலேயே யாரும் இவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எலக்ட்ரீஷியன்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தின் வெளிப்புறம் இருந்த மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உச்சி வெயில். பேனலில் அந்த மோட்டார் பெயர் எழுதிய பிரேக்கரை நானே அணைத்தேன். ஃபைபர் ஏணியில் ஏறி, சட்டைப் பையில் இருந்த நியான் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. சரி, கரண்ட் இல்லை என்று கையை வைத்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது தரையில் கிடந்ததுதான். கழுத்தெலும்பு உடைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் யாரோ வயரிங்கை மாற்றியிருக்கிறார்கள், பேனலில் பெயரை மாற்றி எழுதவில்லை. நான் அணைத்தது வேறு மோட்டாரை. டெஸ்டர் ஏன் எரியவில்லை? அந்த டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மிக மெல்லிய மின்சாரத்தில் எரிவது. நான் ஃபைபர் ஏணியில் ரப்பர் பூட்ஸோடு நின்றேன், அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. லேசாக எரிந்திருந்தாலும் அந்த வெயிலில் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான் சோம்பேறித்தனமாக எதையும் செய்யவில்லை. அணைத்தேன், சோதித்தேன். சோதித்த கருவியைச் சோதிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான். உங்கள் ஐந்து பேருக்கும் வேறு எதையும் கற்றுக்கொடுக்க நேரம் இல்லை என்றால் இதை மட்டும் கற்றுக்கொடுங்கள். இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை எடு. கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார், காட்டுகிறதா? வேலை செய்யப் போகும் இடத்தில் வைத்துப் பார். மறுபடியும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார், இன்னும் காட்டுகிறதா? நடுவில் டெஸ்டர் செத்துப்போகவில்லை என்று அப்போதுதான் உறுதியாகும். மூன்று ஃபேஸ், நியூட்ரல், எர்த் உள்ள இடத்தில் ஒவ்வொரு ஜோடியையும் பார்த்தால் மொத்தம் 10 அளவீடு. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. சட்டைப் பை நியான் டெஸ்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது என்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இதற்கு முன்னால் பூட்டு. பிரேக்கரை அணைத்தால் மட்டும் போதாது, அணைத்த நிலையில் பூட்ட வேண்டும், பெயர் எழுதிய டேக் தொங்க வேண்டும், சாவி வேலை செய்கிறவரின் சொந்தப் பையில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. சூப்பர்வைசர் பூட்டியிருக்கிறார் என்று ஹெல்பர் சும்மா நிற்கக் கூடாது. அவர் உயிருக்கு அவருடைய பூட்டு. ஷிஃப்ட் மாறும்போது, மேல்தளத்தில் யாரோ ஒருவர் “இது ஏன் ஆஃப்ல இருக்கு?” என்று போட்டுவிட்டதால் போன உயிர்கள் ஏராளம்.

பூட்டிய பிறகும் மின்சாரம் வேறு வழியில் வரும். உங்கள் மூத்தவர் மாற்றிக்கொண்டிருந்தாரே அந்த கான்டாக்டர், அதன் காயிலுக்கு வரும் கன்ட்ரோல் சப்ளை பல பேனல்களில் வேறு இடத்திலிருந்து வரும். மெயினை அணைத்தாலும் அது உயிரோடு இருக்கும். மோட்டார் டிரைவ்களுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் அணைத்த பிறகும் சார்ஜை வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியின் மேலேயே எழுதியிருப்பார்கள். காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். யு.பி.எஸ்., ஜெனரேட்டர் இரண்டும் பின்பக்கமாக ஊட்டும். கூரையில் சோலார் பலகை இருந்தால், வெளிச்சம் படும் வரை அதன் ஒயரில் டி.சி. இருந்துகொண்டே இருக்கும், சுவிட்சை அணைத்தாலும் பலகைப் பக்கம் உள்ள ஒயர் உயிரோடுதான் இருக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் எத்தனை பக்கத்திலிருந்து கரண்ட் வருகிறது என்று உங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து எழுதுங்கள். இதுவே ஒரு நல்ல பயிற்சி. எழுதும்போது அவர்களுக்குள் சண்டை வரும், “அது அங்கேருந்து வரல, இங்கேருந்து வருது” என்று. அந்தச் சண்டை வரட்டும்.

இனி உங்கள் மூத்தவர். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்கிறீர்கள், அதனால் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. அவரை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக ஒரு டீ குடிக்கும் நேரத்தில், “அண்ணே, இந்த முப்பது வருஷத்துல நூலிழைல தப்பிச்சது எத்தனை தடவை?” என்று கேளுங்கள். அவரிடம் கட்டாயம் நாலைந்து இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நழுவியது, பக்கத்து பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) ஸ்பானர் பட்டது, யாரோ தெரியாமல் மெயினைப் போட்டது. அவருக்கு “ஒண்ணும் ஆகல” என்பது உண்மையில்லை, ஆகப் பார்த்தது பலமுறை. அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

அவரைப் போன்ற அனுபவசாலிகளுக்கு ஷாக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எந்தக் கையை எங்கே வைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் குறைத்து எடை போடுவது ஆர்க் வெடிப்பை, அதாவது மின்சாரம் காற்றின் வழியே பாய்ந்து தீப்பிழம்பாக வெடிப்பதை. 1982-இல் ரால்ஃப் லீ என்ற பொறியாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், இதை மின்சாரத்தின் ‘மற்றொரு ஆபத்து’ என்றே குறிப்பிட்டார். அதுவரை பெரும்பாலோர் ஷாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூ விழுந்தால் போதும். அந்த ஆர்க்கின் நடுவில் வெப்பம் ஏறக்குறைய 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். செம்பு உருகி ஆவியாகும்போது பல்லாயிரம் மடங்கு விரியும். அதனால்தான் அது தீயாக மட்டும் வராமல் வெடியாக வருகிறது, உருகிய உலோகத்தை முகத்தில் வீசுகிறது. இதில் அவர் எதையும் தொட்டிருக்கவே தேவையில்லை. மின்சாரம் கைக்குக் கை மார்பு வழியாகப் பாயாமல் இருக்க ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் பழைய பாடம் இங்கே உதவாது. பாலியெஸ்டர் சட்டை போட்டிருந்தால் அது உருகித் தோலோடு ஒட்டும். அவர் நிற்கும் பேனல் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இதை அவரிடம் பாடமாக நடத்தாதீர்கள். ஆர்க் வெடிப்புச் சோதனைகளின் வீடியோக்கள் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பிறகு அவரையே இளையவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்த மூத்தவர்கள்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள். தான் சொன்னதைத் தானே மீறுவதை ஹெல்பர் பையன் பார்த்துவிடுவான் அல்லவா?

இன்னொரு கேள்வியையும் அவரிடம் கேட்க வேண்டும். பதிலைக் கேட்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். “ஏன் அண்ணே மெயினை அணைக்கல?” பெரும்பாலும் பதில், “லைனை நிறுத்தினா யார் திட்டு வாங்கறது?” என்பதாக இருக்கும். அப்படிச் சொன்னால் பயிற்சி தேவைப்படுவது அவருக்கு இல்லை, மேலே இருப்பவர்களுக்கு. கரண்ட் இருக்கும்போது செய்தே ஆக வேண்டிய வேலைகள் சில உண்டு. வோல்டேஜ் அளப்பது, ஓடும்போது பழுது கண்டுபிடிப்பது போன்றவை. கான்டாக்டர் மாற்றுவது அதில் சேராது. அணைக்காமல் செய்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், ‘இந்த வேலையை மின்சாரத்தை அணைத்துச் செய்ய முடியாது, காரணம் இது’ என்று உற்பத்தி மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பர்மிட் வேண்டும் என்று விதி வையுங்கள். அந்தக் கையெழுத்தைக் கேட்ட உடனே, நிறுத்தவே முடியாது என்ற லைன் அரைமணி நேரம் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். 2 மணி நேர வகுப்பை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை 15 நிமிடம், வேலை ஆரம்பிக்கும் முன், அவர்கள் தினமும் தொடும் பேனல் முன்னாலேயே நின்று செய்யுங்கள். ஒரு வாரம் பூட்டு, ஒரு வாரம் டெஸ்டர், ஒரு வாரம் மீட்பு. நீங்கள் செய்து காட்டாதீர்கள், அவர்கள் செய்து காட்டட்டும். ஒப்பந்தத் தொழிலாளி வரும் முதல் நாளே, கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன், இது நடக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். தலையாட்டுவதைப் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி வேலை செய்கிறதா என்று பார்க்க நான் செய்யும் ஒரு காரியம் உண்டு. பிளக்கை வெட்டி எடுத்துவிட்ட, எங்கேயும் இணைக்கவே முடியாத ஒரு பழைய கருவியின் ஒயரை நடுவில் உரித்து, பட்டறையின் பொது இடத்தில் வைத்துவிடுவேன். எத்தனை மணி நேரத்தில் யார் வந்து சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். முதல் முறை ஒரு இடத்தில் நாலு நாள் ஆனது. சொல்ல வந்தவரை நிர்வாகம் எல்லோர் முன்னாலும் பாராட்டியது. அடுத்த முறை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். உங்கள் பட்டறையில் அந்த டேப் சுற்றிய ஒயரைப் பார்த்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்று விசாரியுங்கள், தண்டிப்பதற்காக இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். “நீதான் உடைச்சியா?” என்ற கேள்வி வரும் என்று பயந்திருப்பார்கள்.

எழுத விட்டுப்போன ஒன்று, ரப்பர் கிளவுஸ். உங்கள் எலக்ட்ரீஷியன்களின் கிளவுஸை இன்றே எடுத்துப் பாருங்கள். மணிக்கட்டுப் பக்கம் ‘கிளாஸ் 00’ என்றிருந்தால் ஏ.சி. 500 வோல்ட் வரை, ‘கிளாஸ் 0’ என்றால் 1,000 வோல்ட் வரை. ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும், வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று காதருகே வைத்துக் கேட்க வேண்டும். ஊசித்துளை ஒன்று இருந்தால் போதும், அது கிளவுஸே இல்லை. ரப்பருக்கு மேல் தோல் கிளவுஸ் போட வேண்டும், ரப்பர் கிழியாமல் இருப்பதற்கு. தோல் கிளவுஸை மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் மின் பாதுகாப்பு கிடையாது. கடைசியாக எப்போது பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள் என்ற தேதி தெரியாத ஜோடி இருந்தால், கத்திரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.